கூடப்பிறவாத இருநூற்று ஐந்து பேர்

ஆவணி 4, திங்கள்

காலை ஒன்பது இருபதுக்கு, ராகு காலம் கழிந்த பிறகு, ஆன்லைனில் கடை நடத்தும் கம்பெனியில் அஃபிலியேட் கணக்கு தொடங்கினேன். அப்போது உடனிருந்தவர்கள்: நான், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், காப்பித்தூள் கேட்டு வந்து கடைசிவரை நின்ற என் நாத்தனார் பிரமு மதினி, பூசை மாடத்தில் உலகம்மனும் காசிவிசுவநாதரும். வேறு யாரும் இல்லை. பால்காரர் வாசலோடு போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை.

மதினிக்கு விளக்கிச் சொன்னேன். என் பெயரில் ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. அதில் சமையல் பாத்திரங்களைப் பற்றி எழுதுவேன். எழுத்துக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டு யாராவது கம்பெனியில் அந்தப் பாத்திரத்தை வாங்கினால், கம்பெனி எனக்கு நூற்றுக்கு நாலரை ரூபாய் கொடுக்கும்.

"தரகுன்னு சொல்லு," என்றார் மதினி.

வீட்டுக்காரர் கடைசிப் பொத்தானை மாட்டியபடி, "மாட்டுத் தரகன்கூடப் பல்லப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் பேசுவான். நீ என்னத்தப் பிடிச்சுப் பாப்ப?" என்று கேட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். லாரி புக்கிங் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. மாடு, லாரி, தரகு எல்லாம் அவருக்குப் பழக்கம்.

கேலிதான். ஆனால் யோசித்தால் நியாயமான கேள்வி. கையில் வாங்கி, அடுப்பில் ஏற்றி, கழுவிக் கவிழ்க்காத எதைப் பற்றியும் எழுதுவதில்லை என்று அம்மன் முன்னால் முடிவு செய்தேன். என்னிடம் இல்லாததைத் தெருவில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

வரவு: இல்லை. செலவு: காப்பித்தூள் ஒரு கரண்டி, மதினி வகையில்.

ஆவணி 8, வெள்ளி

வெள்ளிக்கிழமையாதலால் லேப்டாப்பைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மேல்வரிசையில் ஏதோ ஒரு பொத்தானில் துணி பட்டுவிட்டது. திரை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் கம்பெனியின் கடை, மறுபாதியில் எறும்பு எறும்பாக எழுத்து. உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கண்ணை மூடி அம்மன் பேரை நூற்றெட்டு முறை சொல்லிவிட்டுத் திறந்து பார்த்தேன். எழுத்து அப்படியே இருந்தது.

உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது, அது கடையின் உள்பக்கம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தவள் கை கழுவப் போன இடத்தில் சமையல் நடக்கும் கோட்டையடுப்புப் பக்கம் நுழைந்துவிட்ட மாதிரி. எது எங்கே வேகிறது, யார் எதைக் கிண்டுகிறார் என்று எல்லாம் தெரிகிறது. அதற்கு டெவலப்பர் டூல்ஸ் என்று பெயர். நான் துடைத்தது எஃப் பன்னிரண்டு.

ஒரு குக்கரின் விலை 2,340 என்று இருந்த இடத்தைத் தொட்டேன். மாற்ற முடிந்தது. கடைசிப் பூச்சியத்தை எடுத்தேன். அடுத்த கணம் கடைப்பக்கத்திலும் 234 என்று ஆகிவிட்டது. தேசம் முழுவதும் குக்கர் 234 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது, கம்பெனிக்கு எத்தனை லட்சம் நட்டமோ என்று விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பக்கத்தை மறுபடி திறந்தார். 2,340 வந்தது. நான் மாற்றியது என் திரையில் மட்டும்தானாம்.

"கண்ணாடிக்குப் பொட்டு வச்சா மூஞ்சியில ஒட்டுமா?" என்றார்.

இருந்தாலும் அடுத்தவர் விலைப்பலகையில் கை வைத்தது குற்றம்தான். செலவு: தேங்காய் 28 ரூபாய், அம்மனுக்கு. பிறகு சட்னிக்கு ஆயிற்று.

ஆவணி 12, செவ்வாய்

ஏபிஐ என்றால் என்னவென்று மூன்று நாளாக இங்கிலீஷ் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நாட்காட்டித் தாள்களின் முதுகில் எழுதி வந்தேன். இன்று விளங்கிவிட்டது. ரேஷன் கடைச் சன்னல்தான் அது. உள்ளே போகக் கூடாது. சன்னல் வழியாக அட்டையை நீட்டி, கேட்க வேண்டிய முறையில் கேட்டால், கேட்டது மட்டும் வெளியே வரும். கம்பெனி எனக்கும் ஓர் அட்டை தந்திருக்கிறது. அதைச் சாவி என்கிறார்கள்.

நாற்பது பாத்திரங்களின் விலையைத் தினம் காலை ஏழு மணிக்குத் தானாகவே சன்னலில் கேட்டு வரிசையாக எழுதி வைக்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஓடுகிறது. கேள்வி போவதையும் பதில் வருவதையும் உள்பக்கத்தில் நெட்வொர்க் என்ற இடத்தில் வரிவரியாகப் பார்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த கணக்குப்பதிவியல் முப்பது வருடம் கழித்து வேலைக்கு வந்திருக்கிறது.

பதில் வரும் எழுத்துமுறைக்கு ஜேசன் என்று பெயர். முதல் இரண்டு நாள் அது கம்பெனியில் வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தம்பி என்று நினைத்து, பிரார்த்தனையில் அவரையும் சேர்த்திருந்தேன். எடுக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆவணி 13, புதன்

வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். என் பக்கத்தைத் திறந்து யார் எஃப் பன்னிரண்டை அழுத்தினாலும் என் சாவி பளிச்சென்று தெரிகிறது. புதுச் சாவி வாங்கி, பக்கத்தின் பின்கட்டில் ஒளித்து வைக்கப் பகல் முழுவதும் ஆகிவிட்டது. சாப்பாடு: நேற்றைய வத்தக்குழம்பு.

ஆவணி 25, திங்கள்

இருபத்திரண்டு நாள். பதினெட்டுப் பாத்திரங்களைப் பற்றி எழுதியாயிற்று. விற்பனை: 0.

காலையில் எழுந்ததும் கம்பெனியின் அறிக்கையைப் பார்ப்பது, பிறகு விளக்கேற்றுவது என்று வைத்திருந்தேன். இன்று வரிசையை மாற்றி, விளக்கேற்றிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் 0. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. குழம்பில் புளி விட மறந்தது வேறு காரணம்.

வீட்டுக்காரர் புளியில்லாத குழம்பைச் சோற்றில் பிசைந்து முழுதும் சாப்பிட்டார். எழுதியதில் உனக்கே பிடித்தது எது என்று கேட்டார். பணியாரச் சட்டி என்றேன்.

ஆவணி 27, புதன்

விற்றது. ஒன்று. ஏழு குழிப் பணியாரச் சட்டி, நேற்று மத்தியானம். விலை 700. தரகு 31 ரூபாய் 50 காசு.

அம்மன் சந்நிதிக்குப் போய் வந்தேன். யாரோ ஒரு புண்ணியவதி, எந்த ஊரில் எந்த அடுப்பில் பணியாரம் ஊற்றுகிறாளோ, அவள் பிள்ளைகுட்டிகள் நன்றாயிருக்கட்டும் என்று வேண்டினேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்படியா," என்று மட்டும் சொல்லி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

புரட்டாசி 6, சனி

ஒன்பது விற்றிருக்கிறது. பணியாரச் சட்டியே நான்கு. மற்றவை முறுக்கு உரல், டிபன் கேரியர், ஹாட்பாக்ஸ், இட்லிப் பானை, தோசைக்கல். மொத்தத் தரகு 414 ரூபாய்.

பெருமாள் கோவிலுக்குப் போகிற வழியில் மதினி வீட்டில் ஏறினேன். புது முறுக்கு உரல் ஒன்று அடுக்களையில் இருந்தது. தம்பி கொடுத்தான், அவன் ஆபீசில் சும்மா கொடுத்தார்களாம் என்றார் மதினி. லாரி ஆபீசில் முறுக்கு உரல் சும்மா கொடுப்பார்கள் என்பது எனக்குப் புதுச்செய்தி. கேட்டுக்கொண்டேன். புரட்டாசிச் சனிக்கிழமை அதிகம் பேசக்கூடாது.

புரட்டாசி 20, சனி

பெரிய மாறுதல் செய்திருக்கிறேன். ராகு காலத்தில் என் பக்கத்தில் வாங்கும் பொத்தான் மறைந்துவிடும். அந்த இடத்தில், "இப்போது ராகு காலம். ஒன்றரை மணி நேரம் பொறுத்து வாங்குங்கள். அதுவரை பழைய பாத்திரத்தையே கழுவி வையுங்கள்," என்று வரும். மணிக்கணக்கைச் சரிபார்க்க இரண்டு நாள் ஆயிற்று.

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தினம் ஒண்ணரை மணி நேரம் கடைய மூடுத தரகர் உலகத்துலயே நீ ஒருத்திதான்."

ஆனால் இதைப் பார்த்துச் சிரித்த ஒருவர் அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, அவர்கள் நாற்பது பேருக்கு அனுப்ப, இன்று மட்டும் என் பக்கத்துக்கு மூவாயிரம் பேர் வந்திருக்கிறார்கள். சிரிக்க வந்தவர்களில் பதினோரு பேர் ராகு காலம் முடியும்வரை காத்திருந்து வாங்கியும் இருக்கிறார்கள்.

ஐப்பசி 5, ஞாயிறு

தீபாவளி நெருங்குவதால் முறுக்கு உரல் பற்றியே கேள்வி. தினம் ஐம்பது அறுபது பேருக்குப் பதில் எழுதுகிறேன். நத்தத்திலிருந்து ஜீனத் எழுதுகிறாள்: "அக்கா, பித்தளையா எவர்சில்வரா?" பித்தளை கனம், உனக்கு மணிக்கட்டு வலி இருந்தால் எவர்சில்வரே போதும் தங்கச்சி என்று எழுதினேன். திருத்துறைப்பூண்டி வீரசேகரன் தனியாகப் பொங்கித் தின்கிறவன். "சித்தி, நீங்க சொன்ன குக்கர் வந்துருச்சு, விசில் வரல," என்கிறான். மூடியைத் திருப்பிப் போட்டிருக்கிறாய் மகனே என்றேன். மணப்பாறை மரியபுஷ்பம் புதுக் குக்கர் வாங்கப் போவதாக எழுதினாள். பழையதன் ரப்பர் வளையத்தை நாற்பது ரூபாய்க்கு மாற்று, குக்கர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அந்த வகையில் தரகு நட்டம் 105. அது நட்டமில்லை.

விலைக் கணக்கில் ஒன்று கண்டுபிடித்தேன். தோசைக்கல் விலை புதன்கிழமை இறங்கி வெள்ளிக்கிழமை ஏறுகிறது. "அவசரமில்லாதவர்கள் புதன்வரை பொறுங்கள்," என்று எழுதி வைத்தேன். போன புதன்கிழமை இருபத்திரண்டு பேர் வாங்கினார்கள்.

ஐப்பசி 26, ஞாயிறு

தீபாவளி. மொத்தம் 198. எண்ணெய்க் குளியல், ஒக்காரை, கோவில்.

கார்த்திகை 1, வெள்ளி

கம்பெனியிலிருந்து கடிதம். அதிகாரி பெயர் அனிருத் கோயல். இங்கிலீஷில் இருந்ததை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்.

"உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. விதி ஏழின்படி, கணக்கு வைத்திருப்பவரின் குடும்பத்தார் வாங்கும் பொருளுக்குத் தரகு கிடையாது. உங்கள் பக்கத்தில் பொருள் வாங்கியதாக எழுதியிருப்பவர்களைக் கணினி மொழிபெயர்ப்பில் படித்தோம். அவர்களில் உங்கள் தங்கைகள் 61, அக்காள்கள் 38, தம்பிகள் 22, அண்ணன்கள் 9, மகள்கள் 7, சித்திகள் 5, தாயார் 4, அத்தைகள் 3 என்று தெரிகிறது. இதுவரையான 214 விற்பனைக்கும் சேர வேண்டிய 10,730 ரூபாய் விசாரணை முடியும்வரை தரப்படமாட்டாது. மேலும், உங்கள் பொத்தான் தினமும் ஒன்றரை மணி நேரம் காணாமல் போகிறது. இது என்ன கோளாறு?"

மதினி வந்திருந்தார். வாசித்துக் காட்டினேன். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அறுபத்தோரு தங்கச்சியா? உங்க அம்மா பாவம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தெட்டு வயதில் என் பெயரில் ஒரு கணக்கு, அதில் பொய்க்காரி என்று முத்திரை. பணம் போனால் போகட்டும். ஜீனத்தும் மரியபுஷ்பமும் பொத்தானைத் தொட்டால் இனி ஒன்றும் திறக்காது. இவள் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறாள், அதனால்தான் மூடிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். நினைக்கத்தானே செய்வார்கள்.

கார்த்திகை 2, சனி

அகராதியை வைத்துக்கொண்டு பதில் எழுதி அனுப்பினேன். அதன் தமிழ்ப்படி:

"அன்புள்ள தம்பி அனிருத், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? நீங்கள் சொல்லும் யாரும் என் கூடப்பிறந்தவர்கள் இல்லை. எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களையும் இப்படித்தான் அழைப்போம். பஸ்ஸில் நடத்துநர் அண்ணன், காய்கறிக்காரி அக்கா. இவர்களும் அப்படித்தான், ஆனால் கூடப்பிறந்தவர்களைவிட மேலானவர்கள். பொத்தானில் கோளாறு இல்லை, அது ராகு காலம். இப்படிக்கு உங்கள் அக்கா உலகம்மாள்."

அனுப்பிய பிறகு வீட்டுக்காரர் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு, "கூடப்பிறந்தவங்களவிட மேலானவங்கன்னு எழுதினது சரி. அத இந்தக் காயிதத்துலயா எழுதுவாங்க?" என்றார்.

கார்த்திகை 4, திங்கள்

பதில் வந்தது. எழுதியவர் வேறு ஒருவர், பல்லவி சாட்டர்ஜி. "கணக்கு வைத்திருப்பவர் திரு. கோயலைத் தம் சகோதரர் என்று எழுத்துமூலம் குறிப்பிட்டிருப்பதால், அவர் இந்த விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார். வாங்கியவர்கள் கூடப்பிறந்தவர்களைவிட நெருக்கமானவர்கள் என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருப்பதும் குறித்துக்கொள்ளப்பட்டது. 214 விற்பனைகளில் எவை எவை உங்கள் உறவினருடையவை என்று பத்து நாளுக்குள் கையொப்பமிட்டுத் தெரிவிக்கவும். அதில் பொய் இருப்பதாகத் தெரிந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டு, உங்கள் பெயர் தடைப்பட்டியலில் சேர்க்கப்படும்."

அந்தத் தம்பிக்கு என்னால் வேலையில் சங்கடம் வந்துவிட்டதே என்று இருக்கிறது. விசாரித்து எழுதலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கார்த்திகை 5, செவ்வாய்

கையெழுத்துப் போடுவதென்றால் சும்மா போடக்கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். அறிக்கையில் பொருள், தேதி, விலை மட்டும் தெரிகிறது. எந்த ஊர் என்று தெரிந்தால் நமக்கு வேண்டியவர்கள் யாராவது உண்டா என்று பார்க்கலாம். எஃப் பன்னிரண்டை அழுத்தி நெட்வொர்க்கில் பார்த்தேன். சன்னல் வழியாக வருகிற பதிலில், திரையில் காட்டாத இரண்டு விஷயங்கள் கூடவே வருகின்றன. ஒன்று அஞ்சல் எண், மற்றொன்று வாங்கிய நேரம்.

214-ஐயும் ஒரு நோட்டில் எழுதினேன். நத்தம், மணப்பாறை, திருத்துறைப்பூண்டி, பரமக்குடி, ஓசூர், ஆரணி. பெயர் தெரியாத ஊர்களின் எண்கள்தான் அதிகம். எங்கள் ஊர் தென்காசி எண் ஒன்பது.

அந்த ஒன்பதும் முதலில் விற்ற ஒன்பது. எல்லாமே மத்தியானம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரைக்குள். லாரி புக்கிங் ஆபீசில் சாப்பாட்டு நேரம் ஒன்று முதல் ஒன்றரை.

அதன்பின் கோலமாவு சலித்தேன். சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன் போலும்.

கார்த்திகை 6, புதன்

ஒன்றும் இல்லை. விரதம்.

கார்த்திகை 7, வியாழன்

காலையில் தோசை போடும்போது கேட்டேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை. தென்காசியில் ஒன்பது பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"நம்ம ஊர்லயும் வெவரமான ஆளுக இருக்கத்தான செய்யும்," என்றார் வீட்டுக்காரர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"பணியாரச் சட்டி நாலு."

"பெரிய குடும்பமா இருக்கும்."

"மத்தியானம் ஒண்ணேகாலுக்கு."

அவர் தோசையைப் பிட்டார். சட்னியில் தொட்டார். வாயில் வைக்கவில்லை.

"இட்லிப் பானைய எங்க வச்சிருக்கிய?" என்று கேட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முறுக்கு உரல் அக்காவுக்கு. டிபன் கேரியர் முதலாளி மகள் கல்யாணத்துக்கு மொய்யாக. ஹாட்பாக்ஸும் இட்லிப் பானையும் ஆபீஸ் காவல்காரர் வீட்டுக்கு. தோசைக்கல் டிரைவர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பணியாரச் சட்டிகளில் மூன்று ஆபீஸ் அலமாரியில் பைல்களுக்குப் பின்னால். நாலாவதை மேசைமேலேயே வைத்திருக்கிறாராம். ஒரு குழியில் குண்டூசி, ஒன்றில் கிளிப், ஒன்றில் ரப்பர் ஸ்டாம்பு மை, ஒன்றில் பாக்கு. ஏழு குழியும் பயன்படுகிறது என்று சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய் செலவழித்து எனக்கு நானூற்றுப் பதினாலு வரவு வைத்திருக்கிறார். தலைமைக் குமாஸ்தா.

"ஏன் இப்படிச் செஞ்சிய?"

"காலைல அந்தப் பூச்சியத்தப் பாத்துட்டு வெளக்கேத்தப் போவ. அந்த மூஞ்சியப் பாத்துட்டு ஆபீஸ் போனா எனக்கு ஒரு கணக்கும் ஓட மாட்டேங்குது," என்றார். தோசையை இப்போதுதான் வாயில் வைத்தார். மென்றபடியே, "அதுக்குப் பொறவு நான் ஒண்ணுகூட வாங்கல, பாத்துக்க. தேவையும் படல," என்றார்.

ஆபீசுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இருநூத்துப் பதினாலுல ஒம்பது. உப்புக்குப் பத்தாது. இத எழுதணும்னு இல்ல. எழுதினா, ஒம்பது பொய்னா மிச்சமும் பொய்தான்னு மூடிருவான். எழுதலைன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியுமே என்று சொல்ல நினைத்தேன். அவர் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்து அனுப்பினேன்.

கார்த்திகை 9, சனி

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். "உறவினர் யாரும் இல்லை" என்று எழுதியது ஒரு வரிதான், அழகாக இருக்கிறது. அவர் சொல்வது போல யாருக்கும் தெரியவும் போவதில்லை. கணக்கு திறந்துவிடும். ஜீனத்துக்கு ஆப்பச்சட்டி வேண்டும், கேட்டு ஒரு வாரமாகிறது.

மதினியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முறுக்கு உரல் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கும் இன்றுதான் தெரியும். உரலை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"அவன் எனக்குத் தீவாளிச் சீருக்குக்கூட ஒரு கரண்டி வாங்கித் தந்ததில்ல. அப்பவே நெனச்சேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "நீ எழுதாம இருக்க மாட்ட. சும்மா என்ட்ட வந்து கேக்குத. எழுதுததுன்னா ஒழுங்கா எழுது. நான் இதுவரைக்கும் உன் பொத்தானத் தொட்டதே இல்ல, சொந்த நாத்தனா ஒண்ணும் வாங்கலன்னு அதையும் சேத்து எழுது," என்றார்.

கார்த்திகை 10, ஞாயிறு

திருக்கார்த்திகை. ஐம்பத்தொரு விளக்கு. வீட்டுக்காரரே திரி போட்டுக் கொடுத்தார். எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "என் பேர்ல எழுத்துப்பிழை இல்லாம எழுது," என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகை 12, செவ்வாய்

காலை பத்தே முக்காலுக்கு அனுப்பிவிட்டேன். இங்கிலீஷில் எழுதியதன் தமிழ்ப்படி:

"எனக்கு எவ்வகையிலும் உறவில்லாத அதிகாரி பல்லவி சாட்டர்ஜி அவர்களுக்கு,

214 விற்பனைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அவற்றில் முதல் ஒன்பது விற்பனை என் உறவினருடையது. வாங்கியவர் சிதம்பரநாதன், என் கணவர். நான் சொல்லி அவர் வாங்கவில்லை. வாங்கியது ஆவணியிலும் புரட்டாசியிலும், எனக்குத் தெரிந்தது இந்த மாதம் ஐந்தாம் தேதி. அந்த ஒன்பதுக்கான தரகு 414 ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள். பாக்கி 10,316.

மீதி இருநூற்று ஐந்து பேரை நான் பார்த்ததில்லை. அவர்கள் என்னை அக்கா என்றும் சித்தி என்றும் அழைக்கிறார்கள், நானும் அப்படியே அழைக்கிறேன். அழைப்பதை நிறுத்தச் சொன்னால் என்னால் முடியாது. கடைக்காரர் மாதிரி பேசினால் அவர்கள் குக்கர் மூடியைப் பற்றி என்னிடம் கேட்க மாட்டார்கள்.

உண்மையான உறவினர்களைப் பொறுத்தவரை, இதே ஊரில் எனக்கு நாத்தனார் ஒருவர், கொழுந்தன் இருவர், சித்தப்பா பெண்கள் நால்வர் இருக்கிறார்கள். ஒருவரும் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. எல்லோரும் இரவல்தான் கேட்கிறார்கள். நாத்தனார் பிரமு அம்மாள் இதைத் தம் பெயர் போட்டே எழுதச் சொன்னார். உறவினர் வாங்கிவிடுவார்களோ என்று பயந்து ஏழாம் விதியை எழுதியவருக்கு உறவினர் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

தங்கள் கணினி உறவுமுறைச் சொற்களைத் தேடி 149 பேரைப் பிடித்தது. என் கணவர் முப்பது வருடத்தில் என்னை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார். அதனால் அவர் ஒருவர்தான் அதில் அகப்படவில்லை.

இந்தக் கடிதத்தில் உள்ளது அனைத்தும் உண்மை. கணக்கை மூடுவதானால் மூடிவிட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். என் பக்கத்தில் காத்திருப்பவர்களிடம் காரணத்தை நானே சொல்லிக்கொள்கிறேன். திறப்பதானால் அதையும் சொல்லுங்கள். நத்தத்தில் ஒருத்தி ஆப்பச்சட்டி வாங்காமல் இருக்கிறாள். எதுவானாலும் சீக்கிரம் பதில் போடுங்கள்."